புதிய சட்டமும் நமது பழைய பைலாவும்

(பைலா திருத்தம் தொடர்பான விளக்கக் கூட்டத்தில் திருத்தக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஸ்டில்ட் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பைலாவைப் பற்றிக் கேட்க இவ்வளவு பேர் இறங்கி வந்திருக்கிறீர்கள். நன்றி. லிஃப்ட் பழுது, தண்ணீர் லாரி என்றால் கூட்டம் தானாகச் சேரும். பைலா என்றால் "அதெல்லாம் கமிட்டி பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். இந்த முறை அப்படி விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கூட்டம்.

நம் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவானது. கட்டடம் எழும்பிய இரண்டே வருடத்தில், 1993-இல், எட்டுப் பக்க பைலாவைப் பதிவு செய்தார்கள். அதை எழுதியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்குச் சங்கத்துக்கு இருந்த வேலை மோட்டார் ரிப்பேர், வாட்ச்மேன் சம்பளம், மாடிப்படிக்கு டியூப்லைட், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பது. அதற்கு அந்த எட்டுப் பக்கம் தாராளமாகப் போதும்.

இப்போது மாறியிருப்பது சட்டம். தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருந்தது. அதை நீக்கிவிட்டு 2022-இல் சட்டமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அது 2024 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதற்கான விதிகளும் வந்துவிட்டன. அந்தச் சட்டத்தில் பல விஷயங்கள் இருக்கின்றன. புதிய சட்டத்தின்கீழ் சங்கத்தைப் பதிவது தனி வேலை, அதற்குத் தனி அஜெண்டா போட்டிருக்கிறோம். இன்றைக்கு நான் பேசப் போவது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டுமென்றால், முன்பு நடைமுறையில் எல்லா உரிமையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒருவர் மாட்டேன் என்றால் நின்றுவிடும். புதிய சட்டப்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும். நம்மிடம் 72 வீடுகள். மூன்றில் இரண்டு என்றால் 48. மீதி 24 வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றாலும் வேலை நடக்கலாம்.

இது நல்லதா கெட்டதா என்று பேச நான் வரவில்லை. கம்பி துருப்பிடித்து வெளியே தெரிய, பால்கனி பெயர்ந்து விழுந்துகொண்டிருக்கும் கட்டடங்களில், வெளிநாட்டில் இருக்கும் ஒரே ஒருவர் பதில் போடாததால் எழுபது குடும்பம் பயந்துகொண்டு வாழ்ந்த கதைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்தச் சட்டம் பெரிய விடுதலை. ஆனால் இவ்வளவு பெரிய அதிகாரம் வந்து சேரும் இடம் நம்முடைய பொதுக்குழு. அந்தப் பொதுக்குழு எப்படிக் கூட வேண்டும், யாருக்கு ஓட்டு, எப்படி எண்ணுவது என்று சொல்லும் பைலா, டியூப்லைட் வாங்குவதற்காக எழுதிய பைலா. திருத்தக் குழுவின் கவலை அவ்வளவுதான்.

"நம்ம கட்டடம் நல்லாத்தானே இருக்கு, யார் இடிக்கப் போறாங்க?" என்று கேட்கிறீர்கள். இருக்கட்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். நம் மனை ஏறக்குறைய 16 கிரவுண்டு, அதாவது 38,400 சதுர அடி. கட்டிய காலத்தில் எஃப்எஸ்ஐ 1.5. அதன்படி 57,600 சதுர அடி கட்டினார்கள், வீட்டுக்குச் சராசரி 800 சதுர அடி. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரமான கட்டடம் என்ற வகையில் சேராத சாதாரணக் கட்டடங்களுக்கே எஃப்எஸ்ஐயை 2 ஆக்கிவிட்டன. அதே மனையில் இன்று 76,800 சதுர அடி கட்டலாம். வித்தியாசம் 19,200 சதுர அடி. உயர்ந்த கட்டடங்களுக்கு 3.25 வரை உண்டு, ஆனால் அதற்கு அகலமான சாலை வேண்டும், நம் தெருவுக்கு அது ஒத்துவராது. இந்த 19,200 போதும். பில்டர்கள் நம் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பது பால்கனியில் காயும் துணியை இல்லை.

சரி, இப்போது நம் பழைய பைலாவுக்கு வருவோம்.

அதில் 14-ஆம் விதி: பொதுக்குழுவுக்கு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வந்தால் கோரம். கோரம் இல்லையென்றால் அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் கூட்டம் கூடும், அப்போது எத்தனை பேர் இருந்தாலும் செல்லும். இதைப் படித்துச் சிரிக்காதீர்கள், நம் ஊரில் பாதி அசோசியேஷன்களின் பைலாவில் இந்த அரை மணி நேரம் உண்டு. காரணமும் நியாயமானதே. ஆள் வராததால் வாட்ச்மேன் சம்பளம் நிற்கக் கூடாது.

இதோடு 1975 சட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கூட்டிய கூட்டத்தில், வந்திருந்து ஓட்டுப் போடும் தகுதியுள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். கவனியுங்கள், மொத்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று இல்லை, வந்திருப்பவர்களில். போன வருடத்துப் பொதுக்குழுவுக்கு அரை மணி நேரம் கழித்து எத்தனை பேர் இருந்தோம் என்று மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்தேன். 14 பேர். அதில் நான்கில் மூன்று என்றால் 11 பேர்.

கட்டடத்தை இடிக்க 48 வீடு வேண்டும். அந்த 48-ஐ எப்படி எண்ணுவது, பிராக்ஸி உண்டா, பாக்கி வைத்தவருக்கு ஓட்டு உண்டா என்பதையெல்லாம் முடிவு செய்யும் விதியை மாற்ற 11 பேர் போதும். இந்த ஓட்டையைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

வரைவில் என்ன செய்திருக்கிறோம்? அன்றாடக் காரியங்களுக்கு அரை மணி நேர விதி அப்படியே இருக்கும். மூன்று விஷயங்களுக்கு மட்டும் அது பொருந்தாது: பைலா திருத்தம், பொது இடத்தை விற்பது அல்லது குத்தகைக்கு விடுவது, மறுகட்டுமானம். இந்த மூன்றுக்கும் 48 வீட்டின் சார்பில் ஆள் வந்தால்தான் கூட்டமே. வராவிட்டால் ஒத்திவைப்பு, மறுபடி 21 நாள் நோட்டீஸ். தொல்லைதான். தொல்லையாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறோம்.

நோட்டீஸ் என்றதும் இன்னொன்று. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் நோட்டீஸ் கொடுத்ததாக ஆகுமா என்று பலர் கேட்டீர்கள். குரூப்பில் போடலாம், போட வேண்டும். ஆனால் குட்மார்னிங் படங்களுக்கும் பூ விற்பவர் நம்பருக்கும் நடுவில் அது மேலே போய்விடும். இங்கே குடியிருக்காத உரிமையாளர்கள் 26 பேர். அவர்களில் சிலர் குரூப்பிலேயே இல்லை. இந்த மூன்று விஷயங்களுக்கும் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் கட்டாயம் என்று எழுதியிருக்கிறோம். தபால் செலவு சங்கத்தினுடையது.

அடுத்தது, யார் உறுப்பினர் என்ற கேள்வி. சுலபமான கேள்வி போலத் தெரியும். நம்மிடம் ஏழெட்டு வீடுகள் இறந்துபோனவர் பெயரிலேயே இருக்கின்றன. அப்பா காலமாகிப் பத்து வருடம் ஆகியிருக்கும், மூன்று பிள்ளைகள், ஒருவர் இங்கே, ஒருவர் பெங்களூரு, ஒருவர் அமெரிக்கா. வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை, மெயின்டனன்ஸ் மட்டும் ஒழுங்காக வருகிறது. இவர்களுக்கு ஓட்டு யாருடையது? பழைய பைலா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இங்கே குடியிருப்பவர் வந்து கையைத் தூக்கினால் அதை எண்ணிக்கொண்டு போனோம். டியூப்லைட்டுக்குச் சரி. மறுகட்டுமானத்துக்கு அப்படி எண்ணினால் பெங்களூரில் இருப்பவர் கோர்ட்டுக்குப் போவார், அவர் போவதில் நியாயமும் இருக்கும். வரைவின்படி ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. கூட்டு உரிமையாளர்களும் வாரிசுகளும் தங்களில் ஒருவரை எல்லாரும் சேர்ந்து எழுத்தில் நியமிக்க வேண்டும். அந்தக் கடிதம் வரும்வரை மறுகட்டுமானத்துக்கு அந்த வீட்டைச் சம்மதம் என்று எண்ணக் கூடாது. ஆனால் மொத்தக் கணக்கில் அது இருந்துகொண்டே இருக்கும். பதில் வராத வீடுகளைக் கழித்துவிட்டு 65-இல் மூன்றில் இரண்டு என்று கணக்குப் போட முடியாது. 72 எப்போதும் 72.

அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மறுகட்டுமானம் வருகிறதோ இல்லையோ, வாரிசுச் சான்றிதழையும் பெயர் மாற்றத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். பிள்ளைகள் மூவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்கிற வேலை அது.

பிராக்ஸி. 1975 சட்டம் பிராக்ஸியை அனுமதிப்பதா வேண்டாமா என்பதைச் சங்கத்திடமே விட்டிருக்கிறது. நம் பழைய பைலா அனுமதிக்கிறது, எத்தனை என்று வரம்பு வைக்கவில்லை. ஒருவரே ஒன்பது வீட்டுக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் இன்றைக்கு நம்மால் ஒன்றும் சொல்ல முடியாது. வரைவில், சாதாரணக் கூட்டங்களுக்கு ஒருவர் ஒரே ஒரு பிராக்ஸி. மறுகட்டுமானத்துக்குப் பிராக்ஸியே கிடையாது; உரிமையாளர் நேரில் வர வேண்டும், அல்லது முறையான பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே எழுதும் பவரை இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பீரோவில் வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து எடுத்தால் சிக்கல்.

பாக்கிதாரர் விஷயத்தில் எங்கள் குழுவுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதை மறைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தால் ஓட்டுரிமை இல்லை என்பது பழைய விதி. பொருளாளர் அதை அப்படியே வைக்க வேண்டும் என்கிறார். வசூலுக்காக அவர் ஏறி இறங்குகிற மாடிப்படிகளை நினைத்தால் எனக்கும் அவர் பக்கம் சாயத் தோன்றும். ஆனால் ஒரு 30,000 ரூபாய் பாக்கிக்காக, ஒருவர் தன் சொந்த வீட்டை இடிப்பது பற்றி வாய் திறக்கக் கூடாது என்று நாம் சொன்னால் எந்த நீதிமன்றத்தின் முன்னாலும் அது தேறாது என்பது என் எண்ணம். அதைவிட, வேண்டாம் என்று சொல்லப் போகிறவர்களைப் பாக்கிதாரர்களாகக் காட்டி வடிகட்டிவிட அது ஒரு வழியாகிவிடும். அதனால் பாக்கி வைத்தவர் தேர்தலில் நிற்கவோ ஓட்டுப் போடவோ முடியாது. அவருடைய சொத்தைத் தொடும் தீர்மானத்தில் ஓட்டு உண்டு. பாக்கிக்குத் தனியாக வட்டி, நோட்டீஸ், வழக்கு. தண்ணீரை நிறுத்துவது என்ற யோசனையைச் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது.

இப்போது நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகும் இடத்துக்கு வருகிறேன். வரைவில் 22-இலிருந்து 27 வரை உள்ள விதிகள். இதைச் சொல்ல சிங்கப்பூர் வரை போய்விட்டு வர வேண்டும்.

பெரும்பான்மை சம்மதித்தால் முழுக் கட்டடத்தையும் விற்கலாம் என்ற சட்டத்தை சிங்கப்பூர் 1999-இலேயே கொண்டுவந்தது. பத்து வருடத்துக்கு மேலான கட்டடம் என்றால் 80 சதவீதச் சம்மதம், அதற்குக் குறைவென்றால் 90 சதவீதம். நம் மூன்றில் இரண்டைவிட அதிகம். அப்படியிருந்தும் அங்கே சண்டை வந்தது. எண்ணிக்கை மட்டும் போதவில்லை என்று தெரிந்து 2007-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். விற்பனைக் குழுவைப் பொதுக்குழுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கறிஞர் முன்னிலையில்தான் கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர் மனம் மாறினால் ஐந்து நாளுக்குள் திரும்பப் பெறலாம். இப்படி வழிமுறைகளை இறுக்கினார்கள்.

அதே காலத்தில் அங்கே ஹொரைசன் டவர்ஸ் என்ற குடியிருப்பை 50 கோடி சிங்கப்பூர் டாலருக்கு விற்கப் பேசி முடித்தார்கள். சம்மதிக்காத சிலர் வழக்குப் போட்டார்கள். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விற்பனைக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்துவிட்டது. விற்பனைக் குழுவில் இருந்த சிலர், விற்பனைக்குக் கொஞ்ச காலம் முன்பு அதே கட்டடத்தில் கூடுதல் வீடு வாங்கியிருந்தார்கள். அதைச் சரியாக வெளிப்படுத்தவில்லை. குழு என்பது எல்லா உரிமையாளர்களுக்காகவும், சம்மதிக்காதவர்களுக்காகவும் சேர்த்து, நம்பிக்கைப் பொறுப்பில் இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. சம்மதங்கள் வேண்டிய அளவு இருந்தன. இருந்தும் விற்பனை நிற்கவில்லை.

அது சிங்கப்பூர் சட்டம், நமக்குப் பொருந்தாது. ஆனால் அங்கே பத்து வருடம் சண்டை போட்டுக் கற்றதை நாம் இரவலாக வாங்கிக்கொள்வதில் தப்பில்லை.

வரைவு 22: மறுகட்டுமானத்துக்கு ஒரே கூட்டம் கிடையாது, மூன்று கூட்டங்கள். முதலாவதில் கட்டடத்தின் உறுதி பற்றிய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அறிக்கையை மட்டும் வைக்க வேண்டும். அந்த இன்ஜினியரை எந்த பில்டரும் அனுப்பி வைத்திருக்கக் கூடாது, சங்கம் பணம் கொடுத்து அமர்த்த வேண்டும். பழுது பார்த்தால் எவ்வளவு ஆகும், எத்தனை வருடம் தாங்கும் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஏனென்றால் ரிப்பேர் என்று ஒரு வழி இருப்பதையே மறந்துவிட்டு நேராக புதுவீட்டு பிளானுக்குப் போய்விடுகிறோம். இரண்டாவது கூட்டத்தில் குறைந்தது மூன்று பில்டர்களின் எழுத்துபூர்வ உத்தேசம். மூன்றாவதில்தான் சம்மதம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 நாள்.

23: நிர்வாகக் குழுவிலோ பேச்சுவார்த்தைக் குழுவிலோ இருப்பவர், கடந்த இரண்டு வருடத்தில் இங்கே வீடு வாங்கியிருந்தால், வாங்கப் பேசியிருந்தால், பில்டருக்கு உறவென்றால், தரகு கிடைக்குமென்றால், எழுதிக் கொடுக்க வேண்டும். அது மினிட்ஸில் ஏற வேண்டும். ஓட்டைத் தவிர மற்ற வேலைகளிலிருந்து அவர் விலகிக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுப்பது அவமானம் இல்லை. நம்மில் ரியல் எஸ்டேட் தொழிலில் இருக்கும் நண்பர்கள் உண்டு. அவர்களையும் இந்த விதி காப்பாற்றும். பின்னால் யாரும் விரல் நீட்ட முடியாது.

24: சம்மதக் கடிதம் தமிழிலும் ஆங்கிலத்திலும். யாரும் எந்த வீட்டுக்கும் தனியாகப் போய்க் கையெழுத்து வாங்கக் கூடாது. சங்க அலுவலகத்தில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில், பில்டரின் ஆட்கள் இல்லாத நேரத்தில் மட்டும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்குப் போகலாம், ஆனால் அவர் விரும்பும் ஒரு உறவினரோ வழக்கறிஞரோ கூட இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு 15 நாளுக்குள் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டாம். அந்த 15 நாள் கழிந்த பிறகே 48 எண்ணப்படும்.

25-ஆம் விதி தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சம்மதித்தவர், சம்மதிக்காதவர் எல்லாருக்கும் ஒரே விகிதம், ஒரே நிபந்தனை. முதலில் கையெழுத்துப் போட்ட 20 பேருக்கு கூடுதல் சதுர அடி, கார்னர் வீடு, தனியாக ரொக்கம் என்று எந்தப் பேச்சும் கூடாது. தனி ஒப்பந்தம் ஏதும் இருந்ததாகத் தெரிந்தால் அந்தச் சம்மதம் கணக்கில் வராது. மூன்றில் ஒரு பங்குக்காரர்களின் வார்த்தையைச் சட்டம் மீறிப் போக அனுமதிக்கிறது. அவர்களுடைய பங்கைக் குறைக்க அனுமதிக்கவில்லை. அந்த 24 வீடுகளில் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எண்பது வயதுக்கு மேல் இரண்டு முறை வீடு மாற முடியாதவர்கள். இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்கள். வீட்டுக்கடன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்கள். மூன்று வருடம் வாடகைக்குப் போ, பிறகு புது வீடு வாங்கிக்கொள் என்பது நமக்குக் கேட்க நன்றாக இருக்கும். பில்டர் பாதியில் நிறுத்திவிட்டால் வாடகை யார் கொடுப்பது? அதற்காகத்தான் 26-இல் வங்கி உத்தரவாதம் இல்லாத எந்த உத்தேசமும் இரண்டாம் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று எழுதியிருக்கிறோம்.

மூன்றில் இரண்டு என்பதை நான்கில் மூன்றாக உயர்த்திவிடலாமே என்று சி பிளாக்கிலிருந்து ஒரு யோசனை வந்தது. நோக்கம் புரிகிறது. ஆனால் சட்டம் ஓர் எண்ணைச் சொன்ன இடத்தில் பைலாவில் வேறு எண்ணை எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது. நாளைக்கு யாராவது அதைச் செல்லாது என்று வாங்கிவந்தால் மற்ற நல்ல விதிகளும் சேர்ந்து ஆட்டம் காணும். எண்ணைத் தொடவில்லை. அந்த எண்ணை அடையும் வழியை மட்டும் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.

மற்றவை சில்லறைத் திருத்தங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகைதாரர் வைக்கக் கமிட்டியின் முன் அனுமதி வேண்டும், கல்யாணமாகாதவர்களுக்கு வீடு விடக் கூடாது என்ற பழைய விதிகளை எடுத்துவிட்டோம். 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் தேவை. பதிவு எண்ணைச் சங்கத்துக்குக் கொடுத்தால் போதும். வளாகத்துக்குள் நாய்க்குச் சோறு போட்டால் 500 ரூபாய் அபராதம் என்ற விதியும் போகிறது. முறைக்காதீர்கள். 2023-இன் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், உணவு வைக்க இடம் ஒதுக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமே கொடுத்திருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் தள்ளி எந்த இடம் என்று பேசி முடிவு செய்வோம், அது வேறொரு நாள் சண்டை. ஜிஎஸ்டி பற்றிக் கேட்டவர்களுக்கு: உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு, நாம் அதன் பக்கத்தில்கூட இல்லை.

இந்த வரைவு எப்போது நடைமுறைக்கு வரும்? 21 நாள் நோட்டீஸ் அடுத்த வாரம் தபாலில் வரும். சிறப்புப் பொதுக்குழுவில் நான்கில் மூன்று ஆதரவு வேண்டும். பிறகு மாவட்டப் பதிவாளரிடம் பதிவாக வேண்டும். பதிவாகும்வரை பழைய பைலாதான் செல்லும். புதிய கோரம் விதி இன்னும் வராவிட்டாலும், இந்தத் திருத்தத்தையே அரை மணி நேரக் கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டாம் என்று நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. 48 வீட்டிலிருந்து ஆள் வராவிட்டால் ஒத்திவைப்போம்.

கடைசியாக ஒரு வேலை, இது உங்களுடையது. மறுகட்டுமானம் என்று எப்போது பேச்சு வந்தாலும் எல்லாக் கணக்கும் யுடிஎஸ்ஸில்தான் நிற்கும். 72 பத்திரங்களிலும் எழுதியிருக்கும் நிலப் பங்கைக் கூட்டினால் 38,400 சதுர அடி வர வேண்டும். பழைய கட்டடங்களில் அது கூடவோ குறையவோ இருப்பது புதிதல்ல. இதுவரை 63 வீட்டுப் பத்திர நகல்கள்தான் கைக்கு வந்திருக்கின்றன. மீதி ஒன்பது வீடுகளின் எண்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கின்றன. யுடிஎஸ் எழுதியிருக்கும் பக்கத்தின் செராக்ஸ் மட்டும் போதும், கவரில் போட்டு அலுவலகத்தில் கொடுங்கள். ஒரிஜினல் பத்திரத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நான் கேட்டாலும்.

இனி கேள்விகள். மைக் ஏ பிளாக் பக்கத்திலிருந்து வரட்டும், கையைத் தூக்கி வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.